எஞ்சின் வேலை முடித்த விசைப்படகை ஜெட்டியில் கட்டி ஐடிலில் ஓடவிட்டால் போதுமா?

உங்கள் கேள்வி இது: ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை முழுவதும் பிரித்து லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, ஜூன் 14 இரவு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் இரண்டு நாள் ஜெட்டியில் கட்டியபடி ஐடிலில், அதாவது சுமையில்லாமல் குறைந்த சுற்றில், ஓடவிட்டால் எஞ்சின் பழகிவிடுமா?

பழகாது. கெடும். துறைமுகப் பட்டறையில் எஞ்சின் வேலை பார்ப்பவன் நான். பூசையோ செபமோ முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பொழுது சாயும்வரை அதைச் சும்மா உறுமவிட்டுத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிகள் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. ஒழுங்காகச் செய்த வேலையும் இதனால் வீணாகிறது.

லைனரின் உட்சுவரில் ஹோனிங் செய்த, அதாவது சாணைக்கல்லால் தேய்த்து இட்ட, குறுக்குக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். புது ரிங் அந்தக் கோடுகளின் மேடுகளில் உரசித்தான் சுவருக்குப் பொருந்தும். ரிங்கின் சொந்த விறைப்பு அதற்குப் போதாது. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ள வேண்டும். எஞ்சினுக்குச் சுமை இல்லையென்றால் அந்த அழுத்தமும் இல்லை. கோடுகளில் தங்கிய ஆயில் சூட்டில் கருகி, கண்ணாடிபோல் வழவழப்பாகப் படிந்துவிடும். பிறகு ரிங் உட்கார்வது கடினம். நீலப் புகை வரும், பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) ஆவி கக்கும், ஆயில் குடிக்கும். மறுபடி பிரித்து ஹோனிங் செய்யும் வேலை சீசன் நடுவில் வந்து நிற்கும்.

கியர் போட்டு மெதுவாக ஓட்டினால் சுமை கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, சுற்றின் கன அளவில் ஏறும்; சுற்று இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. உச்சச் சுற்று நிமிடத்துக்கு 2000 என்றால், 1000-இல் எட்டில் ஒரு பங்குதான் சுமை. 1600-இல் ஏறக்குறைய பாதி. 1800-இல் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ரிங் உட்காருவதற்கு உதவுவது 1400-க்கு மேல் கிடைக்கும் சுமைதான்.

முதல்முறை கிளப்புமுன், டீசலை நிறுத்தி வைத்து ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றவிட்டு ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பாருங்கள். புது பேரிங் வறண்டு ஓடக் கூடாது. ஆயில், எஞ்சின் புத்தகத்தில் சொன்ன தரத்தில் சாதாரண மினரல் ஆயிலே போதும். விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். கிளப்பியதும் கடல்நீர் பம்ப் தண்ணீர் தள்ளுகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்து, எஞ்சின் சூடேறத் தொடங்கியதும் புறப்பட்டுவிடுங்கள். தடை நாளிலேயே வெள்ளோட்டம் போவதென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்து மணி நேரம் ஒரே சுற்றில் ஓட்டாதீர்கள். 1400, 1600, 1500, 1700 என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிற்பகுதியில் ஓரிரு நிமிடம் 1800-ஐத் தொட்டு இறக்கலாம். முழு திராட்டிலில் நெடுநேரம் கூடாது. வெப்ப முள்ளிலும் ஆயில் பிரஷரிலும் ஒருவர் கண் வைத்திருக்கட்டும்.

இழுவை வலைதான் சிக்கலான இடம். வலை இழுக்கும்போது படகு மெதுவாகப் போகும், புரொப்பெல்லருக்கோ பளு கூடும். நான் சொன்ன கணக்கு அங்கே செல்லாது. கறுப்புப் புகை வந்தால் எஞ்சின் திணறுகிறது என்று பொருள். உடனே சுற்றைக் குறையுங்கள். அதனால் முதல் பத்து மணி நேரம் வலை இறக்காமல் ஓடி முடிப்பதே நல்லது. தடை நீங்கிய முதல் நாள் மீன் நிறையக் கிடைக்கும், மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்ற பதைப்பு எனக்கும் புரிகிறது. இருந்தாலும் லைனர் செட்டின் விலையையும் பட்டறைக் கூலியையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

20 முதல் 50 மணி நேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். உரசிய இரும்புத் தூள் அதில்தான் இருக்கும். தூத்துக்குடிப் படகுகள்போல் காலையில் போய் இரவில் திரும்புவதென்றால் இது எளிது. காசிமேட்டிலிருந்து போவதுபோல் பல நாள் தங்கல் என்றால், நடுக்கடலிலேயே 50 மணி நேரம் தாண்டிவிடும். முதல் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றும்போதே டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் சரிபார்க்கலாம். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குவது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள்.

மரப்படகா என்று நீங்கள் சொல்லவில்லை. மரம் என்றால் இன்னொன்று: கரையில் வைத்துப் பார்த்தபோது எஞ்சினும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருந்த நிலை தண்ணீரில் அப்படியே நிற்காது. இறக்கி மரம் ஊறிய பிறகு இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஞ்சின் மவுண்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகே வெள்ளோட்டம் போங்கள்.