விளம்பரத்தில் ரோம், துறைமுகத்தில் சிவிதவெக்கியா

கோடை விடுமுறைக்கான முன்பதிவு தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கப்பலைப் பற்றியவைதான். அவற்றிலிருந்து மத்தியதரைக் கடல் பயணம் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "எவ்வளவு ஆகும் சார்?" என்று ஒரே வரியில் கேட்ட அன்பர்களுக்கு: எந்த மாதம், எத்தனை பேர், எந்த அறை என்று எதுவும் சொல்லாமல் கேட்டால் நானும் ஒரே வரியில் சொல்கிறேன். தெரியாது.

கே: சிங்கப்பூரிலிருந்து ஒருமுறை கப்பலில் போயிருக்கிறோம். ஐரோப்பாவிலும் அதே மாதிரிதானே இருக்கும்? (எஸ்.ஆர்., கோவை)

இருக்காது. நீங்கள் போன கப்பலில் எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கியிருப்பீர்கள். பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டாவின் வலெட்டா என்று வட்டமடிக்கும் இத்தாலியக் கப்பல்களில் ஏறக்குறைய ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கூட்டம் இறங்கும், இன்னொரு கூட்டம் ஏறும். உங்களுடைய நான்காம் நாள் பக்கத்து அறைக்காரருக்கு முதல் நாள். அதனால் தாழ்வாரத்தில் தினமும் பெட்டிகள் உருளும், வரவேற்பு மேசையில் தினமும் வரிசை நிற்கும். எல்லோரும் சேர்ந்து கிளம்பி எல்லோரும் சேர்ந்து விடைபெறும் சுற்றுலா உணர்வு இதில் கிடைக்காது.

அறிவிப்புகள் இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் என ஐந்து மொழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உங்கள் மொழியின் முறை வருவதற்குள் நீங்கள் லிஃப்டில் இருப்பீர்கள். ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். அன்றாட நிகழ்ச்சித் தாளையோ கப்பலின் செயலியையோ ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, முந்தின இரவே படித்துவிடுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் யாரும் செய்வதில்லை.

கே: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. சமாளிக்க முடியுமா? (வாசகி, மயிலாப்பூர்)

முடியும். ஆனால் தட்டில் இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் அது சைவமாகிவிடாது. மினஸ்ட்ரோனி என்ற காய்கறி சூப்பும் ரிசோட்டோ என்ற சாதமும் இறைச்சி வேகவைத்த சாற்றில் கொதித்திருக்கலாம். தக்காளி சாஸில் ஆங்கோவி என்ற பொடி மீன் கரைந்து கிடக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் விதியே அதுதான். பாஸ்தாவின் மேல் அதைத் துருவிப் போட வரும்போது "வேண்டாம்" என்று கை காட்டுங்கள்.

முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். ஏறிய முதல் இரவு உணவுக்கூட மேலாளரை நேரில் பார்த்து மறுபடியும் சொல்லுங்கள். பரிமாறுபவரிடம் மட்டும் சொல்வது வீண். அவர் பத்து மேசைகளைக் கவனிக்கிறார். பெரும்பாலான கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் இருப்பார்கள் என்பதால், முதல் நாள் சொல்லிவைத்தால் மறுநாள் முதல் ஒரு பருப்பும் சாதமும் வந்துவிடுவது உண்டு. சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். எதுவுமே சரிப்படாத நாளில் மாரினாரா பீட்சா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய், அவ்வளவுதான். அதில் பாலாடைக்கட்டியே கிடையாது.

கே: அறையில் சிறிய ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா? ஊறுகாய், நெய்? (பல வாசகர்கள்)

குக்கர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எல்லாம் ஸ்கேனரில் பிடிபடும். பயணம் முடியும்போதுதான் திருப்பித் தருவார்கள். ஊறுகாய், பொடி வகைகள் சரி. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரவே தடை. விமான நிலையத்திலேயே போய்விடும்.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஏழு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஐரோப்பியர்கள் இரவு மிகவும் தாமதமாகச் சாப்பிடுவார்களாமே? (ஜி.எம்., மதுரை)

உங்கள் அப்பாவுக்கு அது நல்லதுதான். கப்பலில் இரவு உணவு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறரை, ஏழு மணியளவில். இரண்டாவது ஒன்பதையொட்டி. ஸ்பானியர்களும் தென் இத்தாலியர்களும் ஏழு மணிக்குச் சாப்பிடுவதை மருத்துவமனைப் பழக்கம் என்றே நினைப்பார்கள். அவர்கள் அடித்துப்பிடித்துக் கேட்பது இரண்டாம் பந்தியை. முதல் பந்தி உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும்.

உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிடாது. ஒவ்வொரு பதார்த்தமாக, ஒன்றரை மணி நேரம் ஓடும். இன்சுலின் போட்டுக்கொண்டு வருபவரானால் முதலில் ரொட்டிக் கூடையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொன்று: இரவு பதினொன்றரைக்கும் தாழ்வாரத்தில் குழந்தைகள் ஓடுவார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். வரவேற்பு மேசையில் புகார் சொன்னால் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது.

கே: எங்கள் பயணத்தில் ரோம் ஒரு நாள், ஃப்ளாரன்ஸ் ஒரு நாள் வருகிறது. ரோமில் கொலோசியம், வாத்திக்கன், ட்ரெவி நீரூற்று, கொஞ்சம் ஷாப்பிங். ஃப்ளாரன்ஸில் உஃபிட்சி ஓவியக்கூடமும் அப்படியே பீசா கோபுரமும். நேரம் போதுமா? (ஆர்.வி., சென்னை)

போதாது. முதலில், உங்கள் பயணத்தில் ரோமும் வரவில்லை, ஃப்ளாரன்ஸும் வரவில்லை. சிவிதவெக்கியா, லிவோர்னோ என்ற இரண்டு துறைமுகங்கள்தான் வருகின்றன. விளம்பரத்தில் "ரோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, துறைமுகத்தின் பெயரை எறும்பு அளவில் அச்சிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, கப்பலிலிருந்து இறங்கியதும் கொலோசியம் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டில் இறக்கிவிட்டு "மெரினா" என்று விளம்பரம் செய்தால் இங்கே சும்மா விடுவோமா? ஐரோப்பா என்றதும் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். சிவிதவெக்கியாவிலிருந்து ரோம் 70, 80 கிலோமீட்டர். கப்பல் ஏழு மணிக்குத் துறைமுகத்தில் வந்து நின்றாலும் நீங்கள் இறங்க எட்டாகும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். ஷட்டில் பஸ்ஸில் வாயில் வரை, அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு ஒரு மணி நேர ரயில். ரோமில் கால் வைக்கும்போது பத்து, பத்தரை. கப்பல் ஏழு மணிக்குப் புறப்படுகிறதென்றால் ஆறு, ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். அதற்கு மூன்றரைக்கு ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஐந்து மணி நேரம். கொலோசியமா வாத்திக்கனா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் நாளைப் பாருங்கள்: வாத்திக்கன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

லிவோர்னோவும் அப்படித்தான். ஃப்ளாரன்ஸ் 90 கிலோமீட்டர், ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். உஃபிட்சிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பீசா பக்கத்தில், 20 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் பஸ் இருக்கையின் முதுகைத்தான். வெனிஸ் கதை இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்தின் முன்னாலும் ஜுடெக்கா கால்வாயிலும் போகவே தடை. இப்போது "வெனிஸ்" என்று விற்கப்படும் பயணம் வெனிஸை ஒட்டிய மர்கேரா தொழில் துறைமுகத்திலிருந்தோ, 150 கிலோமீட்டர் தள்ளி ரவென்னா, ட்ரியெஸ்டே துறைமுகங்களிலிருந்தோ புறப்படலாம். மார்சேயிலேயே கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பழைய துறைமுகம் எட்டு, பத்து கிலோமீட்டர்.

நகரத்துக்குள்ளேயே இறக்கிவிடும் துறைமுகங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை. ஜெனோவாவில் கப்பலிலிருந்து நடந்தால் பிரின்சிப்பே ரயில் நிலையம். பலெர்மோவில் மாசிமோ அரங்கத்துக்குக் கால்மணி நடை. வலெட்டாவில் மலைமேல் நகரம், ஏற ஒரு லிஃப்ட். நேப்பிள்ஸில் இறங்கியதும் எதிரே கோட்டை. எரிமலையில் புதைந்த பழைய நகரமான பொம்பெய்க்குச் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஆனால் பொம்பெய்க்குள் நுழையும் டிக்கெட்டை முன்பே எடுங்கள். நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் இப்போது விடுவதில்லை, டிக்கெட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

கடைசியாக: கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் ஓட வேண்டியதுதான். கரையில் கால் வைக்கும் முன் திரும்ப வேண்டிய நேரத்தைப் பாருங்கள். புறப்படும் நேரத்தை அல்ல, திரும்ப வேண்டிய நேரத்தை.

கே: ஐரோப்பியப் பயணிகள் நம்மிடம் பேசுவார்களா? ஒதுக்கிவைப்பார்களா? (பெயர் வேண்டாம் என்றவர், திருநெல்வேலி)

பேசமாட்டார்கள், ஒதுக்கவும் மாட்டார்கள். குடும்பமாக, நண்பர் கூட்டமாக வருகிறார்கள், தங்களுக்குள் சந்தோஷமாக இருக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் சம்பளம், பிள்ளைகள், வீட்டு விலை என்று விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. நீங்களும் விசாரிக்காதீர்கள். லிஃப்டில் நுழைந்தால் ஒரு "போன்ஜூர்", ஒரு "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் வணக்கம் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதுதான் பெரிய மரியாதைக் குறைவு. அவர்கள் முகம் சுளிப்பது உங்கள் நிறத்துக்காக என்று நினைத்துக்கொள்வீர்கள். பஃபே வரிசையில் இடிப்பார்கள். அதில் பாரபட்சம் இல்லை, எல்லோரையும் இடிப்பார்கள்.

கே: பாரிஸில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, அப்பா வருகிறார்கள். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா. மார்சேயில் ஏறும் கப்பல் நடுவில் துனிஸ் போய் பார்சிலோனா வருகிறது. அவர்கள் துனிஸில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தால் பிரச்சினை இல்லைதானே? (வாசகர், பாரிஸ்)

பிரச்சினைதான். அவர்கள் இறங்காவிட்டாலும் கப்பல் ஷெங்கனை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. பலமுறை நுழையும் விசா இல்லாதவரை மார்சேயிலேயே ஏற்ற மறுப்பார்கள், பணமும் திரும்பாது. துனிசியா, துருக்கி, மான்டினீக்ரோ, அல்பேனியா, எகிப்து இவற்றில் ஏதேனும் வழியில் இருந்தால் இதே கதை. மால்டா ஷெங்கனுக்குள். குரோவேஷியாவும் 2023 ஜனவரி முதல் உள்ளே. பெற்றோருக்கு இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயினோடு முடியும் பயணமாகப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் அதேதான்: விசா கேட்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள், பயணத் திட்டத்தை இணையுங்கள். கட்டணம் 90 யூரோ, காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள் இருக்கும்போது எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கே: வயதுக்கு வந்த பெண் குழந்தைகளுடன் போகிறோம். நீச்சல் குளத்தில் எல்லோரும் அரைகுறையாக இருப்பார்களா? (வாசகி, சேலம்)

நீச்சல் உடையில் இருப்பார்கள், எழுபது வயதுப் பாட்டிகள் உட்பட. யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். பார்ப்பவர் நீங்களாகத்தான் இருக்கும். பருத்திச் சுடிதாரோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே தைத்த துணி வேண்டும். முழுக்கை, முழுக்கால் வைத்ததும் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஐடா போன்ற ஜெர்மன் கப்பல்களில் சானா என்ற வெப்பக் குளியல் அறைக்குள் உடையே இல்லாமல்தான் போக வேண்டும், ஆணும் பெண்ணும் சேர்ந்து. கதவில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

கே: பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா? (டி.கே., ஈரோடு)

கட்டாயம். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அதற்குப் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். நீங்கள் மதியம் சாப்பிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்பது காரணமாகாது.

கே: எல்லாம் சேர்த்துக் கட்டியாயிற்று. கப்பலில் மேற்கொண்டு செலவு உண்டா? (என்.பி., திருச்சி)

உண்டு. சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 10 முதல் 15 யூரோ உங்கள் கணக்கில் தானாக ஏறும். முன்பதிவிலேயே சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல ஐரோப்பியக் கப்பல்களில் இரவு உணவுக்கூடத்தில் தண்ணீருக்குக்கூடக் காசு, பாட்டிலாகத்தான் வரும். பஃபே தளத்தில் இயந்திரத்தில் இலவசம். அங்கே உள்ள காபி இலவசம், குடிக்க முடியாது. நல்ல காபி பாரில், காசுக்கு. தேநீர் என்றால் வெந்நீர், ஒரு பை, பக்கத்தில் குளிர்ந்த பால். இஞ்சி டீ கேட்டு அடம் பிடிக்காதீர்கள்.

கே: பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் லீவு. போகலாமா? (வாசகர், துபாய்)

வேறு வழியில்லை என்றால் போங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியின் பெருவிடுமுறை. அதையொட்டிய வாரங்களில் விலை உச்சம், பெரிய கப்பலில் ஐயாயிரம், ஆறாயிரம் பேர், வெயில் 35 டிகிரி. காலை ஏழு மணிக்கே குளத்தோரச் சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டுவிடுவார்கள். மே மாதமும் செப்டம்பர் கடைசியும் அருமை. குளிர்காலத்தில் மலிவு, ஆனால் மார்சேய்க்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே லியோன் வளைகுடாவில் மிஸ்ட்ரால் காற்று கிளம்பினால் குமட்டல் மாத்திரை இல்லாமல் படுக்க முடியாது.

கே: அறிவிப்புகள் புரியாவிட்டால் என்ன செய்வது? (ஏ.எல்., கரூர்)

முதல் பதிலைப் படியுங்கள்.