ஆச்சி பதில்கள்: அந்த ஹெலிகாப்டர் யாருடையது?

கேள்வி: ஆச்சி, போன இதழில் ஏதோ ஜப்பான் காமிக்ஸைப் பற்றி ரெண்டு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது?
– புதுவயல் வாசகர்

பதில்: லீவுக்கு வந்த பேரன் பல்லாங்குழிக்கு மசியவில்லை. அவன் என்னதான் படிக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். அவன் இப்போது கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டான். நான்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, கடையையும் பெட்டியையும் விட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பியவர் எங்கள் ஐயா. அவர் பேத்தி பட்டாலையில் உட்கார்ந்து ஜப்பான்காரன் எழுதிய கதைக்கு உருகுகிறாள். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 'டிடெக்டிவ் கோனான்' என்ற அந்தக் கதையில் வில்லன்களுக்கெல்லாம் சாராயப் பெயர் வேறு. ஜின், வோட்கா, ரம், வெர்மூத். ஒருநாள் போனில் பேரனிடம், "ரம் யாருன்னு தெரிஞ்சு போச்சுடா" என்று கத்தினேன். முகப்பில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் அன்றைக்குக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கேள்வி: வணக்கம் ஆச்சி. 'டிடெக்டிவ் கோனான்' தொடரில் வரும் அமுரோ தோரு, போலீஸ் அனுப்பிய ஒற்றன் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நானும் என் ரூம்மேட்டும் வேறு முடிவுக்கு வந்திருக்கிறோம். அவன் நிஜமாகவே கறுப்பு அமைப்பின் ஆள், போலீஸ் உத்தியோகம்தான் வேஷம். ரயில் கதையில், கேட்க வேறு ஆளே இல்லாத இடத்திலும் தப்பி ஓடிய ஷெர்ரியை அமைப்பிடம் கொண்டுபோகப் போவதாகத்தான் பேசுகிறான். அடுத்து, எஃப்.பி.ஐ.காரரான அகாயைப் பிடித்து அமைப்பிடம் ஒப்படைக்கப் பார்க்கிறான். எத்தனை முறை சந்தேகம் வந்தாலும் அவனை மட்டும் அமைப்பு விட்டுவிடுகிறது. உங்கள் தீர்ப்பு என்ன?
– காரைக்குடி கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ஏழு பக்கத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன், கோபிக்காதீர்கள். தேர்வுக்கும் இப்படி எழுதினால் சரி.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1994-லிருந்து கோஷோ அயோயாமா எழுதி வரைந்து வரும் தொடர் இது, நூறு தொகுதியைத் தாண்டிவிட்டது. குடோ ஷினிச்சி என்ற பள்ளிக்கூடத்துப் பையன், துப்பறிவதில் கெட்டிக்காரன். அவனுக்குக் கறுப்பு அமைப்பு என்ற ரகசியக் கும்பல் விஷம் கொடுக்கிறது. சாகாமல் சின்னப் பிள்ளையாகச் சுருங்கிப் போகிறான். கோனான் என்று பெயரை மாற்றிக்கொண்டு அந்தக் கும்பலைத் தேடுகிறான். 75-ஆம் தொகுதியில் வந்து சேர்கிற அமுரோவுக்கு மூன்று முகம். போய்ரோ என்ற காப்பிக் கடையில் பரிமாறுகிறவன். கும்பலுக்குள் அவன் பெயர் போர்பன். நிஜப் பெயர் ஃபுருயா ரேய், ஜப்பான் பாதுகாப்புப் போலீஸ்காரன்.

உங்கள் கடைசி ஆதாரத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். அமுரோவை நடுநாயகமாக வைத்து 2018-ல் வந்த படத்துக்கு ஜப்பானில் கூட்டம் அலைமோதியது. அப்படிப்பட்டவனை எந்த ஆசிரியர் கொல்லுவார்? அவன் தப்பிப்பது ஆசிரியர் தயவால். அதுவுமில்லாமல் 2016 படத்தில், போலீஸிடமிருந்து ஒற்றர் பட்டியல் ஒன்று கசிந்ததும் இவனையும், கும்பலில் இருக்கும் கீர் என்ற பெண்ணையும் கிடங்கில் விலங்கிட்டு நிறுத்தி ஜின் துப்பாக்கியைத் தூக்குகிறான். தானே போலீஸுக்குள் அனுப்பிவைத்த ஆளென்றால் இந்தக் கூத்து எதற்கு? (படங்களைக் கதையோடு சேர்த்துக்கொள்ளலாமா என்ற சண்டை தனி.)

ரயில் கதைதான் பலமான ஆதாரம். 78-ஆம் தொகுதி. சரக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஷெர்ரி என்று அவன் நினைத்த பெண்ணிடம், 'உயிரோடுதான் கொண்டுபோகப் போகிறேன், பெட்டியைக் கழற்றிவிட்டால் ஹெலிகாப்டரில் பின்னால் வரும் நம் ஆட்கள் உன்னை எடுத்துக்கொள்வார்கள்' என்கிற மாதிரி சொல்கிறான். அந்தப் பெண் வேஷம் போட்டு நிற்கும் கிட் என்ற திருடன் என்பது அவனுக்குத் தெரியாது. சரி, அந்த ஹெலிகாப்டர் யாருடையது? கும்பலுடையது என்று நீங்கள் சொல்கிறீர்கள். போலீஸுடையது என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கவனியுங்கள், அதே ரயிலில் இருந்த வெர்மூத்துக்கு ஷெர்ரி சாக வேண்டும். அந்தச் சரக்குப் பெட்டி நிறைய வெடிகுண்டு வைத்தது அவள்தான். போர்பனுக்கு உயிரோடு வேண்டும். கூட்டாளி மூலைமுடுக்கில் இருக்கும்போது வாயால் 'போலீஸ்' என்ற பேச்சை எந்த ஒற்றன் எடுப்பான்? ஆள் இல்லை என்பது படிக்கிற நமக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் இதை வைத்து அவன் நல்லவன் என்று நான் சாதிக்கவில்லை. அந்த ஓர் அத்தியாயம் இரண்டு பக்கமும் சாயும்.

சாயாத இடம் 85-ஆம் தொகுதியில் இருக்கிறது. அதற்கு முன் எங்கள் ஐயா கதை ஒன்று.

ரங்கூன் கடைக்கு மூணு வருஷத் தவணைக்கு ஆள் அனுப்புவார்கள். முதலாளி இங்கே செட்டிநாட்டில், மேலாள் கடலுக்கு அப்பால். ஆள் நாணயமானவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வரவைக் கள்ளனும் காட்டுவான். ஐந்தொகை (கடையின் முடிவுக் கணக்கு) வந்ததும் முதலாளி முதலில் பார்ப்பது வராக்கடனைத்தான் என்பார் ஐயா. நட்டத்தை யார் பேரில் எழுதியிருக்கிறான், எந்தப் பற்றை எழுதாமல் விட்டிருக்கிறான். அங்கேதான் ஆள் தெரிவான்.

இப்போது அமுரோ கணக்கைப் புரட்டுங்கள். அகாய் செத்துவிட்டதாகக் கும்பல் நம்பிக்கொண்டிருக்கிறது. மலைப்பாதையில் கீர் அவரைச் சுட்டதை ஜின் கேமராவில் பார்த்தாயிற்று. பாய்ந்தது வெத்துத் தோட்டா, தொப்பியிலிருந்து பீய்ச்சியது போலி ரத்தம் என்று ஒவ்வொன்றாக உடைத்துக் கண்டுபிடிப்பவன் அமுரோ. குடோ வீட்டுக் கூடத்தில் நிற்கும்போது அகாயே போனில் வந்து பேசுகிறார். ஆக, அகாய் உயிரோடு இருப்பதும் கீர் துரோகி என்பதும் அவன் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். ஜினிடம் ஒரே ஒரு வார்த்தை போதும். கீர் தலை உருளும், அகாயை நாய் மாதிரித் துரத்துவார்கள், போர்பனுக்குக் கும்பலில் ராஜ மரியாதை. அதுவும் அகாய் யார்? அவன் உலகத்திலேயே அதிகம் வெறுக்கிற மனிதர்.

அவன் வாயைத் திறக்கவில்லையே தம்பி.

'அகாய் அவன் நிஜப் பெயரைச் சொல்லி மிரட்டினார், அதனால் பயந்துவிட்டான்' என்று உங்கள் ரூம்மேட் சொல்லக்கூடும். சொல்லட்டும். 'ஃபுருயா ரேய்' என்ற பெயரைக் கேட்டதும் அவன் ஆடிப்போனது உண்மைதான். ஆனால் போலீஸ் வேலை வேஷம் என்றால், அந்த வேஷம் கும்பலுக்குத் தெரிந்துதானே இருக்கும்? 'உன் ஆள் போலீஸ்' என்று எதிரி போய்ச் சொன்னால், 'நாங்கள்தானப்பா அனுப்பினோம்' என்று சிரிப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு அவன் நடுங்கிய மாத்திரத்திலேயே உங்கள் வாதம் படுத்துவிட்டது.

இரண்டாவது ஆதாரத்தில் மட்டும் உங்களுக்குப் பாதி மதிப்பெண் போடுகிறேன். வேறொரு நாட்டு அதிகாரியைக் கொலைகாரர்களிடம் பிடித்துக் கொடுத்து, அதை வைத்துக் கும்பலில் மேலே ஏறலாம் என்று ஒரு போலீஸ்காரன் திட்டம் போடுகிறான். அதற்குப் போலீஸ் வண்டிகளையும் ஆட்களையும் பயன்படுத்துகிறான். எஃப்.பி.ஐ.காரர்களைப் பார்த்து, 'என் ஜப்பானை விட்டு வெளியே போங்கள்' என்கிறான். நாட்டுப்பற்று மாதிரி இருக்கிறது. அடியில் இருப்பது ஸ்காட்ச்.

ஸ்காட்ச் அவனுடைய சின்ன வயசுச் சிநேகிதன், அவனும் போலீஸ் ஒற்றன். குட்டு வெளிப்பட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறான். அப்போது கும்பலுக்குள் ரை என்ற பெயரில் இருந்த அகாய், அவன் சுட்டுக்கொள்ள முடியாதபடி துப்பாக்கிச் சுழலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'நானும் ஒற்றன்தான், உன்னைத் தப்பவிடுகிறேன்' என்கிறார். ஸ்காட்ச் பிடி தளர்கிறது. அந்த நேரம் படியில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம். கும்பல்காரன் வந்துவிட்டான் என்று அகாய் ஒரு கணம் திரும்ப, ஸ்காட்ச் சட்டைப்பையில் இருந்த செல்போனோடு நெஞ்சில் சுட்டுக்கொள்கிறான், வீட்டார் விவரமும் சிநேகிதர்கள் விவரமும் யார் கையிலும் சிக்கக் கூடாது என்று. ஓடிவந்தவன் அமுரோ. காப்பாற்ற வந்தவனுடைய காலடிச் சத்தமே எமனாகிவிட்டது. அகாய்க்கு அது புரிகிறது. 'நான்தான் கொன்றேன்' என்று பழியை வாங்கிக்கொண்டு நகர்கிறார். பாவி மனுஷன், வருஷக்கணக்கில் அந்த வெறுப்பையும் சுமக்கிறார். எனக்கு இந்தத் தொடரில் இதைவிடப் பெரிய இடம் கிடையாது.

ஆக, என் தீர்ப்பைக் கேட்டீர்கள். அமுரோ கும்பலின் ஆள் இல்லை. போலீஸின் ஆள் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். சின்ன வயசில் அவன் முடி நிறத்தைக் கேலி செய்து மற்ற பிள்ளைகள் அடித்த காலத்தில், காயத்துக்குக் கட்டுப் போட்டு, 'வெள்ளையோ கறுப்போ மஞ்சளோ, ரத்தம் எல்லாருக்கும் சிவப்புத்தான்' என்று சொன்ன எலேனா டாக்டரைத் தேடத்தான் அவன் போலீஸிலேயே சேர்ந்தான். எலேனாவின் மகள் யார்? ஷெர்ரி. ரயிலில், 'அம்மாவைப் போலவே இருக்கிறாய்' என்கிற மாதிரி ஒரு பேச்சு வருகிறதே, அதை நீங்கள் ஏழு பக்கத்தில் எங்கும் எழுதவில்லை. மேலதிகாரி ஒன்று சொல்லி, எலேனா கடன் வேறொன்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. வந்தால் போலீஸ் உத்தரவு குப்பைக்குப் போகும் என்பது என் கட்சி. ரூம்மேட்டோடு சேர்ந்து இதை உடைத்துக் காட்டுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். ரெண்டே பக்கம்.

கேள்வி: எல்லாரும் அமுரோ அமுரோ என்கிறார்களே, கீரைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே ஆச்சி?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: நியாயமான கோபம் ஆத்தா. டி.வி.யில் செய்தி வாசிப்பவளாக வெளியே தெரிகிற கீர், சி.ஐ.ஏ. பெண். அவள் அப்பாவும் அதே வேலையாகக் கும்பலுக்குள் இருந்தவர். மகள் மாட்டிக்கொள்ளும் நிலை வந்ததும் தன்னையே சுட்டுக்கொண்டு, மகள்தான் ஒற்றனைக் கொன்றாள் என்று தோன்றும்படி செய்துவிட்டுச் செத்தார். அந்தப் 'பெருமை'யில்தான் அவளுக்குக் கீர் என்ற பெயரே கிடைத்தது. அப்பா உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய பெயரால் தினமும் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்க வேண்டும். அவள் யார் பக்கம் என்று ஒருவரும் கட்சி கட்டிப் பேசாததற்குக் காரணம், அதில் பேச ஒன்றுமில்லை. அமுரோவைப் போல் அவள் காப்பியும் சாண்ட்விச்சும் பரிமாறுவதில்லை, அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இரண்டு பக்கமும் நம்பும்படி ஒருவன் நடந்துகொள்வது நிஜத்தில் சாத்தியமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: நடந்திருக்கிறது. ஸ்பெயின்காரர் ஹுவான் புஹோல், பிரிட்டிஷார் வைத்த ரகசியப் பெயர் கார்போ. ஜெர்மனிக்கு ஒற்றராக இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்து, லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டே இங்கிலாந்திலிருந்து எழுதுவதுபோலக் கதை கட்டி அனுப்பியவர். பிறகு பிரிட்டிஷாரே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இல்லாத கீழாட்கள் 27 பேரைப் படைத்து அவர்களுக்கெல்லாம் ஜெர்மனியிடமே சம்பளம் வாங்கினார்! 1944 ஜூன் 6, நார்மண்டியில் படை இறங்குவதைக் கொஞ்சம் முன்னால் எச்சரிக்கும் செய்தி, உண்மைச் செய்தி, விடியுமுன் ஜெர்மனிக்கு அனுப்பப் பார்த்தார். பயன்படாத அளவுக்குத் தாமதமாகத்தான் போகும்படி ஏற்பாடு. எதிர்முனையில் கேட்க ஆளில்லாமல் இன்னும் தாமதமானது. 'முன்கூட்டியே சொன்ன' பெருமை மட்டும் அவருக்கு. அதே வருஷம் ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. காரைக்குடி மாணவர் இதையும் படிக்கட்டும். ஒற்றன் எதிரிக்கு உண்மையைக் கொடுத்தான் என்பதை மட்டும் வைத்து அவனை எதிரி ஆள் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: வெர்மூத் கடைசியில் நல்லவளாகிவிடுவாளா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: ஆக மாட்டாள், ஆகவும் வேண்டாம். நியூயார்க்கில் கொலைகாரன் வேஷத்தில் இருந்தவளை, கீழே விழாமல் ஷினிச்சியின் சிநேகிதி ரான் கையைப் பிடித்து இழுத்தாள். காப்பாற்றக் காரணம் வேண்டுமா என்று ஷினிச்சி கேட்டான். அந்த இரண்டு பிள்ளைகளை அவள் தொட மாட்டாள், கோனான் யார் என்பதைக் கும்பலுக்குச் சொல்லவும் மாட்டாள். அதே கையால் ஷெர்ரியைக் கொல்ல ரயில் பெட்டி நிறைய குண்டு வைப்பாள். அவளைத் திருத்தி நெற்றியில் விபூதி பூசிவிட்டால் கதையில் உப்பிருக்காது.

கேள்வி: எனக்கும் படிக்க ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்க?
– குன்றக்குடி வாசகர்

பதில்: ஆங்கிலத்தில் 'கேஸ் க்ளோஸ்ட்' என்ற பெயரில் கிடைக்கும். அதில் ஷினிச்சி ஜிம்மி ஆகியிருப்பான், ரான் ரேச்சல் ஆகியிருப்பாள், ஆள் மாறிவிட்டதோ என்று பதறாதீர்கள். புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, கட்டங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் ரெண்டு தொகுதியை முழுசாகப் படியுங்கள். ஷெர்ரியின் அக்காவை ஜின் சுடுவது அங்கேதான், பின்னால் வரும் பாதிப் பகை அதிலிருந்துதான் முளைக்கிறது. அப்புறம் நடுவில் வரும் பூட்டிய அறைக் கொலைகளில் சலிப்புத் தட்டினால் தாண்டிக்கொள்ளலாம். 75-லிருந்து 85 வரை மட்டும் ஒரு வரிகூடத் தாண்டாதீர்கள்.