ஜீவனானந்தருக்கு வேலை போனது எதனால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் எழுதிய 'கேம்ப்பே' கவிதை ஆபாசமாக இருந்ததால்தான் கல்கத்தா சிட்டி கல்லூரி அவரை நீக்கியது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? இன்னொன்று, அவருடைய 'ரூபசி பாங்லா' கவிதைத் தொகுப்பு 1957இல் வந்திருக்கிறது. அதை அவருடைய கடைசிக்காலப் படைப்பாகக் கொள்ளலாமா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டுமே சரியில்லை. முதல் கதையை நம்புகிறவர்கள் வங்காளத்திலும் உண்டு. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தாலே அது விழுந்துவிடும். சிட்டி கல்லூரியில் அவர் ஆங்கிலம் கற்பித்தது 1922 முதல் 1928 வரை. 'கேம்ப்பே' அச்சானது 1932இல், சுதீந்திரநாத் தத்தாவின் 'பரிசய்' இதழில். அந்த இதழே 1931இல்தான் தொடங்கியது.

வேலை போனதற்குக் காரணம் பணமுடை. 1928இல் கல்லூரியின் ராம்மோகன் விடுதி மாணவர்கள் சரஸ்வதி பூஜை நடத்த வேண்டும் என்றார்கள். அது பிரம்ம சமாஜக் கல்லூரி, உருவ வழிபாட்டை ஏற்காது. சுபாஷ் சந்திர போஸ் மாணவர் பக்கம் நின்றார், தாகூர் நிர்வாகத்தின் பக்கம். இந்து மாணவர்கள் விலக, கட்டண வருமானம் சரிந்தது. பணியில் இளைய ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர்களில் ஜீவனானந்தரும் ஒருவர். அவரே பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பிள்ளை என்பதுதான் வேடிக்கை.

கவிதை மீது ஆபாசப் பழி விழுந்தது மட்டும் நிஜம். 'ஷனிபாரேர் சிட்டி' பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. சிக்கல் 'காய் ஹரிணி' என்ற சொல்லில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் மற்ற மான்களை வரவழைக்கப் பயன்படுத்தும் பெண்மான் அது. வசந்த இரவில் அதன் குரலுக்கு மயங்கி ஆண்மான்கள் வருகின்றன, சுடப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேடர்களின் முற்றத்து விளாமரத்தில் கட்டிக் கிடக்கிறதே, அந்தப் 'பார்வை' மானேதான். தமிழில் வெறுமனே 'பெண்மான்' என்று போட்டால் வேட்டைப் பொறி மறைந்து காமம் மட்டும் மிஞ்சும். அன்றைய கண்டனக்காரர்களும் ஏறக்குறைய அப்படித்தான் படித்தார்கள்.

'ரூபசி பாங்லா' கவிதைகளை அவர் எழுதியது 1934இல், வேலையில்லாமல் பரிசாலில் இருந்தபோது. பெரும்பாலும் சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். அவர் நினைத்துவைத்த தலைப்பு 'பாங்லார் த்ரஸ்த நீலிமா', இப்போதுள்ள பெயர் பதிப்பின்போது வந்தது. 1954 அக்டோபர் 14 அன்று டிராமில் அடிபட்டு 22ஆம் தேதி இறந்தார். அதன் பிறகு அவருடைய டிரங்குப் பெட்டிகளிலிருந்து கதைகளும் நாவல்களும் வந்துகொண்டே இருந்தன. 1948இல் எழுதிய 'மால்யபான்' நாவல் அச்சேறியது 1973இல்.

ஆகவே அவரைப் படிக்கும்போது எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'பனலதா சேன்' கவிதை 1935இல் 'கவிதா' இதழில் வந்தது. அதே பெயருள்ள 1942 நூலில் 12 கவிதைகள்தான், சிக்னெட் பதிப்பகத்தின் 1952 பதிப்பில் 30. கையிலிருப்பது எது என்று பார்க்காமல் '1942 தொகுப்பில்' என்று மேற்கோள் காட்டினால், நீங்கள் காட்டும் கவிதை அதில் இல்லாமலே போகலாம்.