பிள்ளை பெற்றவளிடம் எப்படிக் கேட்பது?

வணக்கம் ஐயா,

நான் கிராம சுகாதார செவிலியர். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பற்றி எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. அதைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளை வாசித்துக் காட்டி, படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்" என்கிறார்கள். ஏற்கெனவே எத்தனையோ பதிவேடுகள். இது மனநல மருத்துவர் செய்யவேண்டிய வேலை இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனாலும் இதை உங்களால்தான் செய்யமுடியும். பச்சை உடம்புக்காரி மனநல மருத்துவரைத் தேடிப் போகமாட்டாள். அவள் வாசலுக்குப் போகிறவர் நீங்கள்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்த ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள். ஏறத்தாழப் பாதிப் பேரின் வீடுகளுக்கு, மனச்சோர்வைப் பேச்சால் கையாளப் பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் போனார்கள். மீதிப் பேரின் வீடுகளுக்கும் அதே அளவு தடவை பணியாளர்கள் போனார்கள். இந்தப் பயிற்சி மட்டும் அவர்களுக்கு இல்லை. பிள்ளைக்கு ஆறு மாதமானபோது முதல் தரப்பில் 23 சதவீதத்தினருக்கும் மற்றதில் 53 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு இருந்தது. பயிற்சி நீளமானதும் அல்ல. ஆனால் அதன்பின் மாதாமாதம் மேற்பார்வை இருந்தது, உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். இன்னொன்று, "உனக்கு மனசு சரியில்லை" என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. பிள்ளை நன்றாக வளரவேண்டும் என்று பேச்சைத் தொடங்கினார்கள். அதற்கு எந்த வீடும் கதவைச் சாத்தாது.

நம்மூருக்கு வருவோம். வேலூர் பக்கம் கணியம்பாடியில் நடந்த ஆய்வு 2002இல் வந்தது. 11 சதவீதத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கூடமாட உதவ ஆளில்லாதது ஆகியவை காரணங்களில் சில. அந்த மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் அவள் வேறென்ன சொல்வாள்? தையலைப் பார்க்கவேண்டும், பால் குடிப்பதைப் பார்க்கவேண்டும் என்று மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். கேட்பதால் அது வராது. ஆனால் வாய் கூசும். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்: ஒருவர் தாயாக, ஒருவர் செவிலியராக உட்கார்ந்து சத்தமாகக் கேட்டுப் பழகுவது. அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் கேளுங்கள். "ஆமாம்" என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கே யாரிடம் அனுப்புவது, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எங்கே இருப்பார் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். அதுவரை அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 உங்கள் கையில் இருக்கட்டும்.