எந்தத் துறைப் பிள்ளை?

கேள்வி: மகன் பொறியியல் முடித்தவன். பட்டமேற்படிப்புக்குத் தேவாரப் பண்களை ஒலிப்பதிவு செய்து, சுரங்களைக் கணினியில் அளக்கப் போகிறேன் என்கிறான். பொறியியல் பக்கத்தில் ‘இது சங்கீதக்காரர் வேலை’ என்கிறார்களாம். சங்கீதக்காரரோ ‘பக்தி விஷயத்தில் மெசினுக்கு என்ன வேலை?’ என்கிறார்களாம். போதாததற்கு இவன் மூன்று குறித் திருநீறோடு திரிகிறவன். பிள்ளையின் காலம் வீணாகுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன். ஒருமுறை சமய நாகரிகம் படிப்பித்த நண்பரோடு சேர்ந்து ஒரு பாடம் தொடங்கினேன். நேரசூசி போடவே ஒரு தவணை போயிற்று. பரீட்சைத் தாளில் பகுதி ‘அ’ அவருடையது, பகுதி ‘ஆ’ என்னுடையது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த ஒரே ஆள், புள்ளிகளைக் கூட்டிய கிளாக்கர்தான். மூன்றாம் வருடம் நாங்களே பாடத்தை மூடினோம். இரண்டு துறையை ஒரு வாங்கில் இருத்தினால் போதுமென்று நினைத்தது எங்கள் பிழை.

உங்கள் மகனிடம் கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. அதற்குக் கருவி இரண்டு வேண்டும். இந்த வழியில் முன்னமே நடந்தவர் காரைதீவு மயில்வாகனம். லண்டன் பி.எஸ்.சி. எடுத்து விஞ்ஞானம் படிப்பித்தவர், 1924இல் துறவியாகி விபுலானந்தரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழைத் தேடிப் போனபோது அவர் கையில் எடுத்தது கணிதத்தை. குரல் என்ற ஆதார சுரத்துக்கு (இன்றைய ‘ச’) இளி (‘ப’) 3:2, உழை (‘ம’) 4:3 என்பது போன்ற விகிதங்களை வைத்து நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டார். தேவாரப் பண்ணுக்கும் அவரது ‘யாழ் நூல்’ இடம் கொடுக்கிறது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். காவி உடுத்தவர் போட்ட கணக்கை, காவி பிடிக்காதவனும் பேனையை எடுத்துச் சரிபார்க்கலாம். தம்பியின் திருநீற்றுக்கும் அதுதான் அளவு.

நடைமுறைக்கு வருவோம். மேற்பார்வையாளர் இருவர் வேண்டும். இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வாய்ச்சம்மதம் பீடச் சபை வாசலோடு நின்றுவிடும். எந்தப் பீடத்தில் பதிவது என்பதை, ஆய்வேட்டைத் திருத்தப் போவது யார் என்று விசாரித்த பிறகு முடிவு செய்யட்டும். ஒலிப்பதிவைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் வைக்க வேண்டாம். கருங்கல் மண்டபம். கேட்க மனம் உருகும், ஆனால் ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும். ஓதுவாரை வீட்டுக்கு அழைத்து, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் பாடச் சொல்லுங்கள். வெள்ளவத்தை என்கிறீர்கள்; காலி வீதி ஹோன் தொடங்குமுன், விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். தேத்தண்ணி உங்கள் பொறுப்பு.

கேள்வி: பக்தன் ஆய்வாளனானால் தன் சமயத்துக்குத்தானே வக்காலத்து வாங்குவான்?
— ஒரு வாசகர், மருதானை

பதில்: வாங்குகிறவர்கள் உண்டு. சமயமே வேண்டாமென்பவர்களும் தங்கள் கட்சிக்கு வாங்கத்தான் செய்கிறார்கள். தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குருவானவர். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான, புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை, வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியிலிருந்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். குருவின் அங்கி அந்த நூலக வாசலைத் திறக்க உதவியிருக்கலாம். உள்ளே போனவர் வெளியே கொண்டுவந்தது ஓர் அகராதியை; சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் புரட்டலாம். அதில் வக்காலத்து எங்காவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். போர்த்துக்கீசம் தெரியாததால் பாதிதான் தேட முடிந்தது.