ஏழைக் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு தேவை என்று இந்தியாவில் எப்படிக் கணக்கிட்டார்கள்?

மளிகைப் பட்டியல் போட்டு விலையைக் கூட்டியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. திட்டக் குழு அமைத்த பணிக்குழு 1979-இல் தந்த அறிக்கையில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி என்று வைத்துக்கொண்டது. அப்புறம் தேசிய மாதிரி ஆய்வின் வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டி, மாதம் எவ்வளவு செலவழிப்பவர்களுக்கு உண்மையிலேயே அந்தக் கலோரி கிடைக்கிறது என்று பார்த்தது. 1973-74 விலையில் தலைக்கு மாதம் கிராமத்தில் 49.09 ரூபாய், நகரத்தில் 56.64 ரூபாய் வந்தது. இதுதான் வறுமைக்கோடு. இது வெறும் சாப்பாட்டுச் செலவு அல்ல. துணிமணி, எரிபொருள் எல்லாம் சேர்த்துத்தான்.

கோளாறு பிறகுதான். விலைவாசி ஏற ஏற இந்தத் தொகையை உயர்த்தினார்கள், சரி. ஆனால் அந்தப் பணத்தில் வாழ்பவர்களின் தட்டில் கலோரி குறைந்துகொண்டே போனது. வாடகை, பள்ளி, மருந்து, பேருந்து எல்லாம் கூடுதலாகப் பிடுங்கினால் வேறென்ன ஆகும்?

2014-இல், வறுமையை அளக்கும் முறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு கலோரியோடு புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தது. 2011-12 விலையில் சாப்பாட்டுக்கு மட்டும் தலைக்கு மாதம் கிராமத்தில் 554 ரூபாய், நகரத்தில் 656 ரூபாய் என்றது. முன்னதைவிட இது நியாயமான முறை. தொகைதான் எனக்கு இறுக்கமாகத் தெரிகிறது.