வாடகை வீட்டுக்கு உரிமக் கட்டணம்: கேள்வி பதில்

வாடகை வீடுகளுக்கு மாநகராட்சி உரிமம், ஆய்வு என்று கொண்டுவந்தால் கட்டணம் எவ்வளவு வைப்பது? நகராட்சி வருவாய்ப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன். சொத்து வரி பற்றிக் கேட்காதீர்கள், அது தனிக் கதை.

வேளச்சேரி: மாடி போர்ஷனை வாடகைக்கு விட இப்போது உரிமம் வேண்டுமா?

வேண்டாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. பெண்கள் ஹாஸ்டல், குழந்தைகள் ஹாஸ்டல் என்றால் அவற்றுக்கான 2014 சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டும்.

பெரம்பூர்: வாடகையில் இத்தனை சதவீதம் என்று வைத்துவிட்டால் சுலபம்தானே?

வசூலிப்பவருக்குச் சுலபம். ஆனால் அதற்குப் பெயர் வரி. கட்டணம் என்றால் செய்கிற வேலையின் செலவோடு ஒட்டி இருக்க வேண்டும். 1954-இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத்தான் பேசியது. அதில் அடிபட்டது, மடங்களின் வருமானத்தில் சதவீதம் கேட்ட நம் மெட்ராஸ் மாநிலச் சட்டத்தின் பிரிவுதான். பின்னால் வந்த தீர்ப்புகள் கொஞ்சம் தளர்த்தின. ஒழுங்குபடுத்தும் உரிமத்துக்குப் பைசா கணக்குப் பொருத்தம் தேவையில்லை என்றன. அதற்காக இஷ்டத்துக்கு வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

வேலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்ஸ்பெக்டரின் ஒரு மணி நேரத்துக்கு, சம்பளம் பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் வேலை ஒரு மணி, போய்வர ஒரு மணி, ரூமுக்குப் பத்து நிமிடம். ஆக கட்டிடத்துக்கு 1,200, ரூமுக்கு 100. ஒற்றை ரூம் வீட்டுக்கு 1,300. இருபது ரூம் மேன்ஷனுக்கு 3,200. ஒரே ரூம் அடையாறில் இருந்தாலும் வியாசர்பாடியில் இருந்தாலும் பார்க்கிற நேரம் ஒன்றுதான். வாடகை எங்கே வந்தது இதில்?

ஓ.எம்.ஆர். ஹாஸ்டல்காரர்: எனக்கு 40 ரூம். ஒரு கட்டிடம், ஒரு கட்டணம் என்று வைத்தால் என்ன?

மயிலாப்பூரில் ஒற்றை போர்ஷன் விடும் பாட்டி உங்கள் பங்கையும் கட்டுவார்.

அம்பத்தூர்: சொத்து வரியை 2022-இல் ஏற்றினார்களே, அதுவே...

முதலிலேயே சொன்னேன்.

மீண்டும் ஹாஸ்டல்காரர்: பாட்டியை விடுங்கள் சார். ஒழுங்காக நடத்துகிறவனும் ஓட்டை வயரிங்காரனும் ஒரே கட்டணமா?

இது கேள்வி. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரம் கட்டிடங்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. ஒழுங்கானதை எட்டு வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள், நடுத்தரத்தை ஐந்து வருடத்துக்கு, மோசமானதை வருடா வருடம். நம் ஊரிலும் முதல் ஆய்வு சாதாரணக் கட்டணம், குறை சரிசெய்யாமல் மறுபடி வரவைத்தால் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் என்று வைக்கலாம். உங்களுக்கு லாபம்தான்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்: அப்படியென்றால் குறை கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டருக்கு ஆசை வராதா?

வரும். அதனால்தான் மறு ஆய்வுக்கு இன்னொரு அதிகாரி போக வேண்டும், போட்டோ போட வேண்டும். ரசீது இல்லாமல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஹாஸ்டல்காரர்: மேன்ஷன்காரருக்குப் பயம் ஏன்? அவர் படிக்கட்டில் இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாது.

மேன்ஷன்காரர்: உங்கள் பக்கம் எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம், அதைச் சொல்லுங்கள்!

இரண்டு பேரும் சேர்ந்து ஆய்வின் அவசியத்தை என்னைவிட நன்றாக நிரூபித்துவிட்டீர்கள். அடுத்தவர்.

கொளத்தூர் வாடகைதாரர்: கடைசியில் என் தலையில்தானே கட்டுவார்கள்?

கட்டட்டும், கணக்கோடு கட்டட்டும். 1,300 ரூபாய் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்றால் மாதம் 22 ரூபாய்கூட ஆகாது. ஹவுஸ் ஓனர் 500 ஏற்றினால் மீதி எதற்கு என்று கேளுங்கள்.

போரூர்: அட்வான்ஸ் திரும்பத் தரவில்லை.

வாடகை நீதிமன்றம். பணம் கொடுத்தபோது ரசீது வாங்கினீர்களா?

ஆவடி: சொத்து வரி அரையாண்டுக்கு...

காபி ஆறுகிறது, கிளம்புகிறேன்.